கிண்ணம் நிறைய உமி: பட்ஜிக்குத் தினை போடும் கணக்கு

இந்த எபிசோடு ரொம்ப சின்ன விஷயம் பத்தினது. ஒரு பறவைக் கூண்டு, அதுக்குள்ள ஒரு தினைக் கிண்ணம், அவ்வளவுதான். ஆனா இந்தக் கிண்ணத்தைச் சரியா பார்க்கத் தெரியாததால ஆறு மாசம் நல்ல தினையைக் குப்பையில போட்டேன். அப்புறம் அதை நிறுத்துறேன்னு கிளம்பி ஒரு பறவையைப் பட்டினி போட்டேன். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

முதல்ல எங்க வீட்டு ஆட்களை அறிமுகப்படுத்திடுறேன். மிளகு, மல்லி. மிளகு நீல நிற ஆண், மல்லி பச்சை நிறப் பெண். பார்க்கிறவங்க எல்லாரும் "ஓ, லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறீங்களா"ன்னு கேட்பாங்க. நம்ம ஊர்ல கடைக்காரங்களே அப்படித்தான் சொல்றாங்க. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரர், கொஞ்சம் குண்டா, குட்டை வாலோட இருப்பார். நம்ம வீடுகள்ல பெரும்பாலும் இருக்கிறது பட்ஜி, ஆஸ்திரேலியாக்காரர். 1840-ல ஜான் கூல்ட் என்கிற பறவையியலாளர் உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதுக்கு அப்புறம்தான் இது உலகம் முழுக்கக் கூண்டுப் பறவையா பரவிச்சு.

ஆஸ்திரேலியாவோட வறண்ட உள்நாட்டுப் பகுதியில இதுங்க கூட்டம் கூட்டமா, மழை பெய்ஞ்சு புல் விதை பிடிக்கிற இடமா தேடிப் போகும். தரையில இறங்கி, புல் விதையைப் பொறுக்கித் தின்னும். நாம போடுற தினையும் ஒரு புல்லோட விதைதான். அதனாலதான் அது இதுங்களுக்கு அவ்வளவு பிடிக்குது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். பட்ஜி தினையை எப்படித் தின்னுதுன்னு பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? புறா மாதிரி அப்படியே முழுங்காது. விதையை அலகுக்குள்ள வாங்கி, மேல் அலகோட உள்பக்கம் இருக்கிற வரிகள்ல வச்சு, நாக்கால உருட்டும். ஓடு பிளக்கும். உள்ள இருக்கிற பருப்பு மட்டும் வயித்துக்குப் போகும், உமி கீழே விழும். ஒரு விதைக்கு ஒரு நொடிகூட ஆகாது. ஸ்மால் டிப்ஸ்: அதனாலதான் கடையில "கண்டிப்பா வேணும்"னு சேர்த்து விக்கிற பொடிக்கல், அதாவது கிரிட், பட்ஜிக்குத் தேவைப்படாது. ஓட்டோட முழுங்குற புறாவுக்குத்தான் அரைக்கக் கல் வேணும்.

சரி, அந்த உமி எங்க விழுது? கிண்ணத்துக்குள்ளேயே. தின்னாத விதை மேலயே. தினை உமி தினை மாதிரியேதான் இருக்கும், அதே மஞ்சள், அதே பளபளப்பு. மதியம் நீங்க போய்ப் பார்த்தா கிண்ணம் காலையில வச்ச மாதிரியே நிறைஞ்சிருக்கும். உள்ள எவ்வளவு விதை, எவ்வளவு உமின்னு கண்ணால பார்த்துச் சொல்லவே முடியாது.

ஆரம்பத்துல எனக்கு இது பாதி புரிஞ்சது. மேல உமி இருக்குன்னு தெரியும். அதனால தினமும் காலையில ரெண்டு கிண்ணத்தையும் அப்படியே கவிழ்த்துட்டு, புதுசா விளிம்பு வரைக்கும் நிரப்புவேன். கவிழ்க்கிற இடம் பால்கனியில இருந்த துளசித் தொட்டி. உமிதானே, உரமா போகட்டும்னு நினைச்சேன். ஒரு வாரம் ஊர்ல இல்லாம, திரும்பி வந்து பார்த்தா தொட்டியில துளசியைக் காணோம். புல்லுதான் இருக்கு, பச்சைப் பசேல்னு, விரல் உயரத்துக்கு, அடர்த்தியா! எல்லாம் தினை நாத்து. நான் உமின்னு கொட்டினது அத்தனையும் முளைக்கிற விதை.

எங்க ஆச்சி அப்போ வீட்டுக்கு வந்திருந்தாங்க, திருநெல்வேலிக்காரங்க. தொட்டியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "என்னட்டி, மாடியில வெள்ளாமை போட்டிருக்கியா?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்வி போதும், ரோஷம் வந்துடுச்சு. இனிமே ஒரு பொட்டு தினை வீணாகக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

தப்பு அங்கதான் நடந்தது. வீணாகக் கூடாதுன்னா என்ன பண்ணணும்? உமியைப் பிரிக்கணும். நான் பண்ணினது என்னன்னா, கிண்ணம் நிறைஞ்சு தெரிஞ்சா அன்னைக்குப் போடாம விட்டேன். "இருக்குறதை முதல்ல சாப்பிடுங்கடா"ன்னு அம்மா நமக்குச் சொல்ற மாதிரி. அது போதாதுன்னு, ரெண்டு கிண்ணம் எதுக்குன்னு ஒண்ணை எடுத்துட்டேன்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணம், மதுரை. வெள்ளி ராத்திரி பஸ். எதிர் வீட்டுத் தம்பிகிட்ட சாவியைக் கொடுத்து, "கிண்ணம் காலியானா மட்டும் போடு, நிறைய இருந்தா விட்டுடு, தண்ணி மட்டும் தினம் மாத்து"ன்னு சொல்லிட்டுப் போனேன். அவன் பொறுப்பான பையன். சனிக்கிழமை போட்டோ அனுப்பினான், கிண்ணம் நிறைஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை போட்டோ அனுப்பினான், கிண்ணம் நிறைஞ்சிருக்கு. நானும் ஹார்ட் போட்டேன்.

திங்கட்கிழமை காலையில வீட்டுக்குள்ள நுழைஞ்சா சத்தமே இல்லை. பட்ஜி இருக்கிற வீட்டுல காலையில சத்தம் இல்லைன்னா ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். மல்லி கூண்டோட அடியில, இறக்கையை உப்பிக்கிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தா. கையில எடுத்தா நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்துது. கிண்ணத்துல வாயால ஊதினேன். மொத்தமும் பறந்துபோச்சு. அடியில ஒரு பத்து விதை இருந்திருக்கும்.

பறவைகளைப் பார்க்கிற டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். எடை 27 கிராம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்தப்போ 34. இந்த அளவுப் பறவைக்கு உடம்புல சேமிப்புன்னு பெருசா எதுவும் கிடையாது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னாலே ஆபத்துன்னு டாக்டர் சொன்னார். முதல்ல வெதுவெதுப்பா வைக்கச் சொன்னார், அப்புறம்தான் தீனி. குழாய் வழியா கொஞ்சம் கொடுத்தார். அன்னைக்கு ராத்திரி பூரா அட்டைப்பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்து, மூச்சு விடுறாளான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். விடிகாலையில விதை உரிக்கிற அந்த டிக் டிக் சத்தம் கேட்டுச்சு. பிழைச்சுட்டா.

மிளகு மட்டும் எப்படி நல்லா இருந்தான்? ஒரே கிண்ணம் இருந்தா, பலசாலி அதுக்கு முன்னாடி உட்கார்ந்துக்கும். இருந்த கொஞ்சத்தையும் அவன்தான் தின்னுருக்கான். அதனால ரெண்டு பறவைக்கு ரெண்டு கிண்ணம், தள்ளித் தள்ளி. இதுல சிக்கனம் பார்க்காதீங்க.

அதுக்கப்புறம் ஒரு வாரம் கிச்சன் தராசை வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். எங்க வீட்டுக் கணக்கு இது, உங்க வீட்டுல கொஞ்சம் மாறும். பழையபடி ரெண்டு கிண்ணத்தையும் விளிம்பு வரைக்கும் நிரப்பினா 30 கிராம். சாயங்காலம் எடுத்துப் புடைச்சுப் பார்த்தா 13 கிராம் போல நல்ல விதை அப்படியே இருக்கு. உமி 3 கிராம். கூண்டுக்கு வெளியே சிதறினது 2. மீதி 12 கிராம்தான் ரெண்டு வயித்துக்குள்ள போயிருக்கு. அதாவது ஆளுக்குத் தலை தட்டின ரெண்டு டீஸ்பூன் தினை ஒரு நாளைக்குத் தாராளம். மாசம் ஒரு கிலோ வாங்கிட்டு இருந்தேன். தேவை அரைக் கிலோதான்.

இப்போ நான் பண்றது: காலையில வெளிச்சம் வந்ததும் ஆளுக்கு ஒரு ஸ்பூன், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு ஸ்பூன். காட்டுலயும் பட்ஜி காலையிலும் சாயங்காலமும்தான் மும்முரமா மேயும். சாயங்கால ஸ்பூன் போடுறதுக்கு முன்னாடி கிண்ணத்தைப் புடைக்கணும். இதுக்குக் கருவி வேணுமான்னு கேட்பீங்க. கொலுவுக்கு வாங்கின சொப்பு சாமான்ல ஒரு குட்டி முறம் இருந்தது, உள்ளங்கை அளவு. ஆச்சி அதை வாங்கி, பால்கனியில நின்னு ரெண்டு தட்டு தட்டினாங்க. உமி முன்னாடி பறந்துடுச்சு, விதை பின்னாடி தங்கிடுச்சு. "சொளகு பிடிக்கத் தெரியாம ஒரு பொண்ணா"ன்னு ஒரு டயலாக் வேற. அதை நான் கண்டுக்கலை, ஆனா மணிக்கட்டை எப்படித் திருப்பணும்னு கத்துக்கிட்டேன். முறம் இல்லைன்னா ஒரு தட்டுல பரப்பி, டேபிள் ஃபேனுக்குத் தள்ளிப் பிடிச்சாலும் போதும். கூண்டுக்குள்ள வச்சு ஊதாதீங்க, உமி பறவையோட கண்ணுல போகும், உங்க மூக்குலயும்.

எதிர் வீட்டுத் தம்பி கேட்டான், ஆர்கானிக் கடையில தினை அரிசி கிடைக்குதே, அது ஓடு எடுத்ததுதானே, அதைப் போட்டா உமிப் பிரச்சினையே இல்லையேன்னு. நல்ல கேள்வி. நானும் ஒரு பாக்கெட் வாங்கினேன். தின்னும், ஒண்ணும் ஆகாது. ஆனா ஓடு போன தானியம் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும், முளைக்காது. அதைவிட, நாள் பூரா கூண்டுக்குள்ள இருக்கிற பறவைக்கு விதை உரிக்கிறதுதான் வேலை, அதையும் பிடுங்கிட்டா அது என்ன பண்ணும்? மிச்சத்தை நான் பொங்கல் பண்ணிச் சாப்பிட்டுட்டேன்.

அடுத்து, சிதறல். கலவையா வாங்குற பாக்கெட்டுல சூரியகாந்தி விதை, நெல், கம்புன்னு பலதும் இருக்கும். பட்ஜிக்குப் பிடிச்சது ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் மத்ததை அலகால வாரி வெளியே வீசும். மிளகு இதுல சாம்பியன். கலவையை நிறுத்தி, தினையையும் கேனரி விதையையும் தனித்தனியா வாங்கி நானே கலக்க ஆரம்பிச்சதும் வீசுறது பாதியா குறைஞ்சது. சூரியகாந்தி கொழுப்பு ஜாஸ்தி, அது எப்பவாவது கையில வச்சுக் கொடுக்கிற மிட்டாய் மாதிரி. கிண்ணமும் ஆழமா இருக்கணும், பாதிக்கு மேல நிரப்பக் கூடாது. உட்கார்ற குச்சிக்கு நேர் கீழே கிண்ணம் வைக்காதீங்க, எச்சம் விழுந்தா மொத்தத்தையும் கொட்டணும். அடித்தட்டுல எச்சத்தோட கலந்த விதையை எடுத்துத் திரும்பப் போடவே வேண்டாம், அந்த மிச்சம் நமக்கு வேண்டாம். தரையில சிதறினதை உடனே பெருக்கிடுங்க. எறும்பு ஒரு மணி நேரத்துல வரும், பால்கனிப் புறா அதுக்கும் முன்னாடி வரும்.

மொத்தமா வாங்கினா மலிவுன்னு அஞ்சு கிலோ வாங்காதீங்க. நம்ம ஊர் வெக்கையில அந்துப்பூச்சி வந்துடும். ஒரு மாசத்துக்குத் தேவையானதை வாங்கி, நாலு நாள் ஃப்ரீசர்ல வச்சு எடுத்து, காத்துப் புகாத டப்பாவுல போடுங்க. புதுக் கடையில வாங்கினா ஒரு இருபது விதையை ஈரத்துணியில கட்டி வைங்க. மூணு நாள்ல பெரும்பாலானது முளைவிட்டா நல்ல சரக்கு. முளைவிட்டதை நல்லா அலசிப் பறவைக்கே கொடுக்கலாம், ரெண்டு மணி நேரத்துல எடுத்துடுங்க, இல்லைன்னா புளிச்சுப் பூஞ்சை வரும்.

தினை மட்டும் போதுமான்னா, போதாது. விதையிலயே வளர்ற பட்ஜிக்கு வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின் எல்லாம் குறையும். கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவின கேரட், கூண்டுல ஒரு கணவாய் ஓடு. டாக்டர் பெல்லட்டுக்கும் பழக்கச் சொன்னார். அது பெரிய கதை, மல்லி இன்னும் அதைச் சந்தேகமாத்தான் பார்க்குறா. பசிச்சா தானா தின்னும்னு விதையை நிறுத்திப் பழக்காதீங்க. அதோட விலை என்னன்னு எனக்குத் தெரியும்.

ஞாயித்துக்கிழமை காலை, தீனி போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் தராசுல ஏத்துவேன். மேல ஒரு சின்ன குச்சி ஒட்டி வச்சிருக்கேன், வந்து உட்கார்ந்துப்பாங்க. மல்லி இப்போ 35. பத்துல ஒரு பங்கு குறைஞ்சா கிண்ணம் எப்படித் தெரிஞ்சாலும் டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லியிருக்கார்.

போன மாசம் திரும்ப ஊருக்குப் போனேன். அதே தம்பிதான். இந்தத் தடவை ஒரு ஸ்பூனையும் அந்தச் சொப்பு முறத்தையும் கொடுத்துட்டு, "கிண்ணத்தைப் பார்க்காத, புடைச்சுட்டு ஸ்பூன் கணக்குக்குப் போடு"ன்னு சொன்னேன். தினமும் காலையில வீடியோ வந்தது. முதல் நாள் பாதித் தினை பால்கனிக்கு வெளியே போச்சு. மூணாவது நாள் மணிக்கட்டைச் சரியா திருப்பினான். ஆச்சிக்கு ஃபார்வர்ட் பண்ணினேன். "பையனுக்குக் கை வந்துருச்சு"ன்னு பதில் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க.