கைரேகை இருந்தது, கணினியில் ஏறவில்லை

ஈராக்கைச் சேர்ந்த வாத் ரமதான் அல்வான் 2009-ல் அகதியாக அமெரிக்கா வந்து, கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரில் குடியிருந்தார். 2011 மே மாதம் எஃப்.பி.ஐ. அவரையும் இன்னொரு ஈராக்கியரையும் கைது செய்தது. ஈராக்கில் உள்ள அல்-காய்தாவுக்கு ஆயுதம் அனுப்ப முயன்றார்கள் என்பது வழக்கு.

அல்வான் எல்லை தாண்டி ஒளிந்து வந்தவர் அல்ல. நேர்காணல், கைரேகை, பெயர்ச் சோதனை எல்லாம் முடித்து, முறைப்படி வந்தவர். அவர்மீது சந்தேகம் எழுந்த பிறகுதான் எஃப்.பி.ஐ. தன் ஆய்வுக்கூடக் கிடங்கைத் துழாவியது. 2005-ல் ஈராக்கின் பைஜி அருகே வெடிக்காமல் சிக்கிய சாலையோரக் குண்டு ஒன்றின் பாகங்கள் அங்கே கிடந்தன. அதிலிருந்த கம்பியில்லாத் தொலைபேசியின் அடிப்பாகத்தில் அல்வானின் விரல் ரேகை! போர்க்களத்திலிருந்து வந்து குவிந்த ஆயிரக்கணக்கான துண்டுகளில் அதுவும் ஒன்று. அந்த ரேகை கணினியில் ஏறாததால், சோதனையில் அவர் பெயருக்கு நேராக எதுவும் வரவில்லை.

அல்வானுக்கு 40 ஆண்டு சிறை, மற்றவருக்கு ஆயுள். அதோடு முடியவில்லை. ஈராக்கிய அகதிகளை ஏற்பது பல மாதங்கள் மந்தமானது. அமெரிக்க ராணுவத்துக்கு மொழிபெயர்த்து, அதனாலேயே உயிருக்குப் பயந்து கிடந்தவர்களும் காத்திருந்தார்கள். இது அதிகம் பேசப்படாத பாதி.

பதிவே இல்லாதவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின் குற்றவாளி ஜோகர் சர்னாயேவ் 2002-ல் வந்தபோது அவருக்கு வயது 8. எட்டு வயதுப் பையனிடம் எந்த அதிகாரி எதைக் கண்டுபிடிப்பார்? அண்ணன் தமர்லானைப் பற்றி 2011-ல் ரஷ்யா எச்சரித்தது; எஃப்.பி.ஐ. விசாரித்து, ஒன்றும் அகப்படாமல் கோப்பை மூடியது. பெர்லினில் கதை வேறு. 2016 டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரியை ஏற்றிய அனிஸ் அம்ரியைப் போலீசுக்கு முன்பே தெரியும். புகலிடக் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டிருந்தது. திருப்பி அனுப்பத் தேவையான துனிசியப் பயண ஆவணம் மட்டும் வரவில்லை. தாக்குதல் நடந்து இரண்டு நாள் கழித்து வந்தது.

2019 முதல் அமெரிக்க விசா படிவத்தில் சமூக ஊடகக் கணக்குப் பெயர்களையும் கேட்கிறார்கள். 2015-ல் சான் பெர்னார்டினோவில் சுட்ட தஷ்ஃபீன் மாலிக் தீவிரவாதம் பேசியது தனிச் செய்திகளில். கணக்குப் பெயரை எழுதி வாங்கியிருந்தாலும் அது சிக்கியிருக்காது. படிவத்தை நீட்டுவதற்கு முன், கிடங்கில் இருப்பதைப் பதிவேற்ற ஆள் போடட்டும்.