மிக்சியை நிறுத்தினால் கடுகு கேட்கும்

சேக்காட்டில் காலை ஆறரை மணி. அடுப்பில் சோறு கொதிக்கிறது. பக்கத்தில் மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைபடுகிறது. மூடித் தட்டு துள்ளும் சத்தமோ, திருவள்ளூர்ப் பக்கம் போகும் மின்சார ரயிலின் ஊதலோ காதில் ஏறாது. கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் தெரியும்.

மிக்சி ஓடாத நாளிலும் கஞ்சி வழிகிறது. "நேற்று அவர் அப்படிச் சொன்னாரே, நான் பதில் சொல்லியிருக்க வேண்டாமா?" என்று உள்ளே ஏதோ அரைபட்டுக்கொண்டே இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரைச் செல்போன் வழியே அவ்வப்போது விசாரித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத வேளைகளில், கை செய்த வேலையில் மனம் இல்லை.

உள்பேச்சுக்குத்தான் சத்தமே கிடையாதே, அது எப்படி வெளிச்சத்தத்தை மறைக்கும்? பழைய வீடுகளில் மிக்சி போட்டதும் பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் லைன் ஒன்றுதான். நம் கவனமும் அளவான மின்சாரம். பேச்சு இழுத்தது போக மிச்சம்தான் காதுக்கும் மூக்குக்கும்.

மிக்சியின் குமிழை இடப்பக்கம் திருகினால், பிடித்திருக்கும்வரைதான் ஓடும். உள்பேச்சும் அப்படித்தான். 1974இல் உளவியலாளர்கள் பேடலியும் ஹிட்சும் முன்வைத்த நினைவாற்றல் கோட்பாடு வளர்ந்தபோது இது தெளிவானது: மனத்துக்குள் ஒலிக்கும் சொல், திரும்பச் சொல்லாவிட்டால் ஓரிரு விநாடிகளில் கலைந்துவிடும். சொல்லிச் சொல்லி ஓடவைப்பவர்கள் நாமே. "பேசாதே" என்று மனத்தை அதட்டினால் அதுவும் பேச்சு; கை இன்னும் குமிழில்தான் இருக்கிறது.

ஆகவே அந்தக் கைக்கு, அதாவது கவனத்துக்கு, வேறு வேலை கொடுக்க வேண்டும். திருமுடிவாக்கத்திலுள்ள தம்ம சேது விபாசனா தியான மையத்தில் பத்து நாள் முகாமின் முதல் மூன்று நாள்களும் இதே வேலைதான்: மூக்கருகே மூச்சு வந்துபோவதைக் கவனிப்பது. மந்திரம் கிடையாது, எண்ணிக்கை கிடையாது. சொல்லைச் சொல்லால் அடக்காமல் தொடு உணர்விடம் கவனத்தை ஒப்படைக்கிறார்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உள்பேச்சே கூடாது என்பதில்லை. மளிகைக் கணக்குப் போட அது வேண்டும். சட்னி அரைந்த பிறகும் மிக்சி ஓடவேண்டாம், அவ்வளவுதான்.

நாளை தாளிக்கும்போது செய்து பாருங்கள். எண்ணெய் காய்ந்ததும் முதல் கடுகு வெடிப்பதிலிருந்து கடைசிக் கடுகு அடங்கும்வரை கேளுங்கள். "கடுகு வெடிக்கிறது" என்றுகூட உள்ளே சொல்லவேண்டாம். பேச்சு புகுந்தால் திட்டாமல் காதுக்குத் திரும்புங்கள். பிறகு கறிவேப்பிலையைப் போடுங்கள், அந்த வாசனையை முழுதாக வாங்குங்கள்.