சாயம் பூசாமல் சதையைப் படிக்கும் ஒளி!

ஆபரேஷன் மேஜையில் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். மண்டையோடு திறக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் மூளையிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கத்தியை நிறுத்துகிறார். அது புற்றுநோய்க் கட்டிதானா? கட்டி எங்கே முடிகிறது? நல்ல மூளை எங்கே தொடங்குகிறது? கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். குறைத்து வெட்டினால் நோய் மிஞ்சும். கூட்டி வெட்டினால் பேச்சோ நடையோ பறிபோகலாம்.

மறு ஆபரேஷன்

உயிரணுக்கள் பெரும்பாலும் நிறமற்றவை. ஆகவே துணுக்கை உறைய வைத்து, மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றிய பிறகே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது வழக்கம். இதற்கு 20 முதல் 30 நிமிஷம் பிடிக்கும். முழுப் பரிசோதனையின் முடிவு வரப் பல நாட்களாகும். கட்டி மிச்சமிருப்பது அப்போது தெரிந்தால் மறுபடியும் ஆபரேஷன்தான்!

முதுமலைக் காட்டில், யானை முகாமுக்குப் பெயர்போன தெப்பக்காட்டில் வசிப்பவரை நினைத்துப் பாருங்கள். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஊட்டிக்கு வந்து, மறுபக்கம் மலை இறங்கினால்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. இரண்டாவது ஆபரேஷன் என்றால் மீண்டும் அதே பயணம், மீண்டும் கூலி நஷ்டம், மீண்டும் உயிர்ப்பயம்.

ராமன் காட்டிய வழி

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை, திருச்சியில் பிறந்த ஸர் சி.வி. ராமனின் கண்டுபிடிப்பிலிருந்து கிடைத்திருக்கிறது. பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிக மிகச் சிறு பகுதி நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது. 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட உண்மை இது. 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஒளி மங்கலானது. 2008-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை விஞ்ஞானிகள் இரண்டு லேசர் கதிர்களைச் சேர்த்துச் செலுத்தி அதை வலுப்படுத்தினார்கள். கொழுப்பும் புரதமும் தனித்தனியே புலப்பட்டன. கம்ப்யூட்டர் அவற்றுக்கு, நிபுணர்களுக்குப் பழக்கமான வர்ணங்களைக் கொடுத்துப் படமாக்குகிறது. துணுக்கு கெடுவதில்லை, பிறகு அதையே வழக்கமான பரிசோதனைக்கும் அனுப்பலாம்.

இரண்டரை நிமிஷம்!

மிச்சிகன் சர்வகலாசாலை முதலிய அமெரிக்க ஸ்தாபனங்களில் 278 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2020-ல் வெளியாயிற்று. கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்து, இரண்டரை நிமிஷத்துக்குள் கட்டியின் வகையைச் சொன்னது. 100-க்கு 94.6 சரி. பழைய முறையில் நிபுணர்கள் சொன்னது 93.9. இதைவிட முக்கியம் ஒன்று உண்டு: நிபுணர்கள் தவறிய இடங்களில் இயந்திரம் சரியாகச் சொன்னது, இயந்திரம் தவறிய இடங்களில் நிபுணர்கள் சரியாகச் சொன்னார்கள்! மிஞ்சிய கட்டியைச் சுமார் 10 விநாடியில் காட்டும் முறை 2024-ல் வெளியாயிற்று.

ஆகவே டாக்டரை வீட்டுக்கு அனுப்ப வந்த கருவியல்ல இது. அவருக்கு இன்னொரு ஜோடிக் கண். விலைதான் அதிகம். அது குறைந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் பரவலாக வந்து சேர்ந்தால், தொலைதூர மலைக்கிராமத்து ஏழைக்கும் ஒரே ஆபரேஷனில் காரியம் முடிய வழி பிறக்கும்.