அரைச் செக்கனின் விலை

நுவரெலியாவின் ஏப்ரல் மாதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மலர்க் கண்காட்சியையும் குதிரைப் பந்தயத்தையும்தான் முதலில் சொல்வார்கள். அதே பருவத்தில், ஊரை ஒட்டிய மகாகஸ்தோட்டத் தேயிலைத் தோட்டப் பக்கத்து வீதியில் கார்கள் ஒவ்வொன்றாக மலையேறிப் பந்தயம் ஓடுகின்றன. சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் இந்த ஓட்டம் 1934 இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களில் ஒன்று. நானுஓயாப் பக்கம் ரதல்லவிலும் இதே வகை ஓட்டம் உண்டு. தேயிலை விலை சரிந்து, 1933 இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சர்வதேச உடன்படிக்கையே செய்ய வேண்டிவந்தது. அதற்கு மறு ஆண்டே துரைமார் காலத்து நுவரெலியா இந்த விளையாட்டுக்குப் பணமும் நேரமும் கண்டுபிடித்துக்கொண்டது வேடிக்கைதான். மோட்டார் பந்தயத்தின் செலவு இன்று உலகெங்கும் ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் செலவில் பார்க்க வந்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், பெரிய பந்தயங்களை விட இந்த மலையேற்றம் தெளிவாகப் பதில் சொல்லும். மறைக்க இங்கே எதுவும் இல்லை: ஒரு கார், ஒரு மலை, ஒரு கடிகாரம்.

முதலில் ஓட்டம் நடக்கும் விதம். சுற்றுப்பாதைப் பந்தயம் போல இருபது கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. கார் தொடக்கக் கோட்டுக்கு வந்து நிற்கும். ஏற்றமான இடம் என்பதால், அது பின்னால் உருளாமல் பல நாடுகளில் பின்சக்கரத்துக்கு அண்டைக் கட்டை கொடுப்பார்கள். பச்சை விளக்கு எரிந்தவுடனேயே பாய்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாரதி தயாரானதும் கிளட்சை விடலாம். கார் ஒளிக்கதிரை வெட்டும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். மேலே இன்னொரு கதிரை வெட்டும்போது நிற்கும். ஆளுக்குச் சில ஓட்டங்கள், அவற்றில் சிறந்த நேரம்தான் கணக்கு. வழி நெடுகத் தேயிலை மலையை வெட்டி அமைத்த வளைவுகள், ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். முதல் வளைவுக்கு வரும்போது டயர் இன்னும் சூடேறியிருக்காது; சூடேறி வீதியைப் பிடிக்கத் தொடங்கும்போது ஓட்டமே முடிந்துவிடும். தவறைத் திருத்திக்கொள்ள இரண்டாவது சுற்று கிடையாது. பிழைத்த ஒரு கியர் மாற்றத்துடன் அந்த ஓட்டம் போய்விடும்.

மலை இன்னொரு வழியிலும் காரைச் சோதிக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் ஒட்சிசன் அதே அளவுக்குக் குறைகிறது. எரிக்கக்கூடிய பெற்றோலும் குறைகிறது. டேர்போ இல்லாத சாதாரண எஞ்சின், கொழும்பில் 100 பரிவலு தந்தால் இங்கே 80 ஐ ஒட்டித்தான் தரும். டேர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். ஏற்றத்தின் கணக்கு வேறு. ஆயிரம் கிலோ காரொன்று பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் கிட்டத்தட்ட 26 பரிவலு போய்விடும். வேகம் கூட்டுவதற்கு வேண்டிய வலு அதற்கு மேல். காரின் திணிவைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் ஏற்றத்துக்குப் போகும் வலுவும் பத்தில் ஒரு பங்கு குறையும், ஆர்முடுகலும் கூடும். அதனால்தான் இந்த விளையாட்டில் முதல் வேலை காரைத் தோலுரிப்பது. பின் சீட், கம்பளம், உள் மட்டைகள், வானொலி எல்லாம் கழன்றுவிடும். இதற்குப் பெரிய செலவு இல்லை; கராஜில் ஒரு பகல் வேலை, ஒரு பெட்டிச் சாவி.

செலவு ஏறுவது இதற்குப் பிறகுதான். நல்ல டயர் கணிசமான நேரத்தை மிச்சப்படுத்தும், விலையும் கணிசம். பிறகு சஸ்பென்ஷன், கியர்பெட்டி, டேர்போ, எஞ்சினின் உட்பாகங்கள், எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி. ஒவ்வொரு படியிலும் விலை பெருகுகிறது, மிச்சமாகும் நேரம் சுருங்குகிறது. முதல் ஐந்து செக்கனை விடக் கடைசி அரைச் செக்கனுக்குத்தான் அதிகம் கொட்ட வேண்டியிருக்கும். இந்தப் பாகங்கள் பெரும்பாலும் டொலரில் வருகின்றன. 2022 இல் இலங்கை ரூபாய், டொலருக்கு 200 ஐ ஒட்டி இருந்ததிலிருந்து சில மாதங்களில் 360 ஐ எட்டியது. வெளிநாட்டில் விலையே மாறாத பாகம்கூட இங்கே 80 சதவீதம் ஏறியது. அந்த ஆண்டு ஜனவரியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய், ஜூன் கடைசியில் 470. தோட்டத் தொழிலாளியின் அன்றைய 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு ஆண்டின் தொடக்கத்தில் ஐந்தரை லீற்றர் வந்தது, நடுவில் இரண்டு லீற்றருக்குச் சற்றுக் கூட. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது.

இனி மேட்டில் நிற்கும் பார்வையாளரின் பக்கம் வருவோம். ஏற்றம் ஒரு கிலோமீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 50 செக்கனில் ஏறும் காரின் சராசரி வேகம் மணிக்கு 72 கிலோமீற்றர். 49 செக்கனில் ஏறும் காருக்கு 73.5. வளைவொன்றின் மேல் நிற்பவர் கண்ணுக்கு ஒரு கார் மூன்று நான்கு செக்கன்தான் அகப்படும். அந்த இடைவெளியில் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் கண் எவருக்கும் கிடையாது. ஒலிபெருக்கி நேரத்தைச் சொன்ன பிறகுதான் யார் வேகம் என்று தெரியும். ஆகப் பெரும் பணம் கொட்டி வாங்கிய அந்த ஒரு செக்கன் வெற்றிக் கிண்ணத்தைத் தீர்மானிக்கிறது, மலையில் நிற்பவர் காணும் காட்சியில் எதையும் மாற்றுவதில்லை. அவர் காண்பது வேறு: வளைவில் கார் வால் வீசுவது, சாரதி ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து மீட்பது, கியர் இறங்கும்போது புகைக்குழாய் வெடிப்பது. இவை மலிவான காரிலும் கிடைக்கும். சொல்லப்போனால், பிடிப்புக் குறைந்த டயரில்தான் அதிகம் கிடைக்கும். இலங்கை ஓட்டங்களில் மினி 7, நிசான் மார்ச், ஃபோர்ட் லேசர்–மஸ்டா 1,300 சீ.சீ. என்று தனிப் பிரிவுகள் இருப்பது இதனால் முக்கியம். மார்ச் என்பது ஹட்டன் பஸ் நிலையத்தடியில் பார்க்கிற கார். அந்த உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்ப்பவருக்கு ஓர் உத்தேசம் உண்டு; அதை ஒருவர் அந்த ஏற்றத்தில் விரட்டும்போது சாரதியின் திறமை அளவோடு தெரிகிறது.

பணக்காரப் பந்தயங்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. ஃபோர்மியுலா வன்னில் 1992 ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் கார், கணினி ஆளும் சஸ்பென்ஷனுடன் வந்தது. நைஜல் மான்செல் அதில் 16 பந்தயங்களில் ஒன்பதை வென்றார், அதுவும் முதல் ஐந்தைத் தொடர்ச்சியாக. பொறியியலாளருக்கு அது பொற்காலம். பார்வையாளருக்கோ முடிவு தெரிந்த படம். 1994 இல் அந்தத் தொழில்நுட்பம் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னும் செலவு நிற்கவில்லை. பெரிய அணிகள் ஆண்டுக்கு 400 மில்லியன் டொலரைத் தாண்டிச் செலவிடுவதாகப் பேசப்பட்ட நிலையில், 2021 இல் 145 மில்லியன் என்று உச்சவரம்பு வந்தது; 2023 இல் அது 135 மில்லியன். சாரதிகளின் சம்பளம் அதில் சேராது என்பதை மறந்துவிடக்கூடாது, வரம்பிலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது.

வேகம்தானே இந்த விளையாட்டு, மலிவு வண்டியைப் பார்க்க யார் மலையேறி வருவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லான்சர் எவொல்யூஷன் போன்ற வேகக் கார் ஒன்று கீழே முழங்கத் தொடங்கும்போது, மார்ச் வரும்போது இல்லாத சலசலப்பு கூட்டத்தில் உண்டாகிறது. அதை மறுப்பது பொய். ஆனால் அந்தச் சலசலப்புக்கு நல்ல எவொல்யூஷன் போதும், மிகச் சிறந்த எவொல்யூஷன் தேவையில்லை. அவரவர் பணத்தை அவரவர் செலவழிக்கிறார்கள், நமக்கென்ன என்ற வாதம் அதைவிட வலுவானதாகத் தோன்றும். ஆனால் மலையேற்றத்தில் கார்கள் தனித்தனியாக வருவதால், பார்ப்பவருக்குக் கிடைப்பது மொத்த ஓட்டங்களின் எண்ணிக்கை. மேல் பிரிவின் செலவு ஏறினால் கீழே உள்ளவரும் அதைத் துரத்துவார், துரத்த முடியாதவர் விலகுவார், பட்டியல் சுருங்கும், இரண்டு கார்களுக்கு இடையில் வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம் கூடும். அனுசரணையாளரும் கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் வருவார். இன்னொன்று, அந்த வீதி யாருடைய தனிச் சொத்தும் அல்ல. அது மூடப்படும் நாளில் லயத்துக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்கள் காத்திருக்கிறார்கள். டிக்கட் வாங்காவிட்டாலும் அவர்கள் விலை கொடுத்தவர்கள்தான்.

இதற்காகச் செலவுக்கு வரம்பு போட்டால் ஏமாற்றுவார்கள் என்பது அனுபவசாலிகள் சொல்லும் தடை. உண்மை, கழகமொன்று போட்டியாளரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் பணத்தை எண்ணாமலே பணத்தைக் கட்டலாம். எல்லோருக்கும் ஒரே டயர், எஞ்சினுக்கு முத்திரை, குறைந்தபட்சத் திணிவு ஆகியவை பழைய வழிகள். அமெரிக்க மண்பாதைப் பந்தயங்களில் இன்னும் குறும்பான விதியொன்று உண்டு. ஓட்டம் முடிந்ததும், வென்றவரின் எஞ்சினைத் தோற்றவர் முன்கூட்டியே குறித்த ஒரு சிறு தொகைக்குக் கேட்டு வாங்கிவிடலாம். சொற்ப விலைக்குப் பறிபோகக்கூடிய எஞ்சினில் எவரும் செல்வத்தைக் கொட்டுவதில்லை. இப்படியொரு விதி மார்ச் பிரிவுக்கு வந்தால் கராஜ்களில் எழப்போகும் சண்டையைக் கற்பனை செய்யலாம். ஆனாலும் முயன்று பார்க்கத் தகுந்தது.

குறைக்கவே கூடாத செலவு ஒன்று இருக்கிறது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்த பொக்ஸ்ஹில் சுப்பர்குரொஸ் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்தில் பாய்ந்தது. சிறுமி ஒருவர் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். 1955 இல் பிரான்சின் லு மான் பந்தயத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடைசெய்தது. தனித்தனியாக ஓடும் மலையேற்றத்தை மட்டும் விட்டுவைத்தது. ஒரு நேரத்தில் ஒரு கார் என்பதால் ஆபத்தும் குறைவு என்ற எண்ணம் அதில் இருந்தது. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. பிடி தவறிய கார் வளைவின் வெளிப்பக்கமாக, தான் போய்க்கொண்டிருந்த நேர்கோட்டில் பாயும். ஆகவே வெளிப்பக்கத்திலும் வளைவு தொடங்கும் இடத்திலும் யாரும் நிற்கக் கூடாது. உட்பக்கத்தில், வெட்டிய மேட்டின் மேல், வீதியிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலே நின்றால் காரும் வெகு அருகில் தெரியும், அது ஏறி வரும் வாய்ப்பும் மிகக் குறைவு. தேயிலை மலை இந்த வசதியை இயற்கையாகவே தருகிறது. கயிறு, காவல், அறிவிப்பு, அம்புலன்ஸ் என்று இங்கே ஏறும் செலவு மட்டும் பார்வையாளருக்கு நேரே போய்ச் சேர்கிறது. எஞ்சினில் மிச்சமாகும் பணம் இதற்குப் போகுமானால் வரம்பு விதிக்க வேறு நியாயம் தேட வேண்டியதில்லை.

அடுத்த சிக்கல் மின்சாரக் கார். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் ஏற்றம் 4,302 மீற்றர் உயரத்தில் முடிகிறது. 2013 இல் செபஸ்தியான் லோப் 875 பரிவலுப் பெற்றோல் காரில் அதை 8 நிமிடம் 13 செக்கனில் ஏறினார். 2018 இல் ரோமன் டூமா 680 பரிவலு மட்டுமே கொண்ட மின்சார வொக்ஸ்வேகனில் 7 நிமிடம் 57 செக்கனில் ஏறிவிட்டார். மோட்டாருக்கு ஒட்சிசன் வேண்டியதில்லை, உயரம் அதன் வலுவைத் தொடுவதில்லை. நுவரெலியாவிலும் டேர்போ இல்லாத பெற்றோல் கார் இழக்கும் அந்த ஐந்தில் ஒரு பங்கை மின்சாரக் கார் இழக்காது. கடிகாரம் ஒன்றே அளவுகோல் என்று விட்டால் அது எல்லாரையும் வெல்லும், முழக்கமும் வெடிப்பும் போய்விடும். அதற்குத் தனிப் பிரிவு கொடுத்து, ஒரே அளவு பற்றரி, ஒரே டயர் என்று தொடக்கத்திலேயே கட்டிவிட வேண்டும். இறக்குமதி திறந்துவிட்டது, கார்கள் வந்துகொண்டிருக்கின்றன. விதி எழுதுவதற்கு அவகாசம் அதிகமில்லை.