சைக்கிள் பாதைக்கு நாமே மேப் தயாரிக்கலாம்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் 1 படிக்கிறாள். அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் திண்ணையில் சும்மா நிற்கிறது. பத்மநாபபுரம் கோட்டைக்குள் ஓட்டச் சம்மதிக்கும் அவள் அம்மா, தக்கலையில் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க மட்டும் விடுவதில்லை. மனு கொடுக்கலாமே என்றேன். “எந்த இடம்னு எப்படி சார் எழுதிக் காட்டுறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். “ரோடு மோசம்” என்று எழுதினால் யாருக்கும் புரியாது. மேப்பில் புள்ளி வைத்துக் காட்டினால் புரியும். வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் இதனை ஒரு மாலையில் செய்துவிடலாம்.

இதற்கு ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற தளம் உதவுகிறது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், கட்டணம் இல்லை. பிரவுசரில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் டாட் ஆர்க் என்று டைப் செய்து என்டர் தட்டவும். சைன் அப் கிளிக் செய்து, இமெயில் முகவரி கொடுத்துப் பதிவு செய்திடவும். பின்னர் தேடல் கட்டத்தில் ஊர்ப் பெயரைக் கொடுத்து, தெருக்கள் தெளிவாகத் தெரியும் வரை பெரிதாக்கி, மேலே உள்ள எடிட் பட்டனை அழுத்தவும். பாயின்ட் என்பதனைத் தேர்ந்தெடுத்து, சைக்கிள் ஸ்டாண்ட் உள்ள இடத்தில் கிளிக் செய்தால், அது என்ன என்று இடப்பக்கம் கேட்கப்படும். பைசைக்கிள் பார்க்கிங் எனத் தேடித் தேர்ந்தெடுக்கவும். தெரு விளக்கு, வேகத்தடை ஆகியவற்றையும் இப்படியே குறிக்கலாம். சேவ் கிளிக் செய்து, என்ன மாற்றினோம் என ஒரு வரி எழுதி அப்லோட் கொடுத்தால் வேலை முடிந்தது. நேரில் பார்த்ததை மட்டும் குறியுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. அது காப்புரிமைப் பிரச்னை.

புதியவர்கள் தவறு செய்வது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். “இங்கே பள்ளம், பயமாக இருக்கிறது” என்பதை இந்த மேப்பில் எழுதக் கூடாது. பள்ளம் நாளை மூடப்படலாம். பயம் என்பது நம் கருத்து. இவற்றுக்கு யூமேப் என்ற தளம் இருக்கிறது. அதே மேப்பைப் பின்னணியாக வைத்து, நம் சொந்தப் புள்ளிகளை மேலே வைக்கலாம். கிரியேட் எ மேப் கிளிக் செய்து, மார்க்கர் ஒன்றை வைத்து, “மாலையில் பள்ளி விடும் நேரம் கடக்க முடியவில்லை” என்பது போலத் தமிழிலேயே விளக்கம் எழுதி சேவ் செய்திடவும். நிறத்தையும் மாற்றலாம், ஆபத்தான இடத்திற்குச் சிவப்பு வைத்தேன். பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தி, பெயின்ட் புரோகிராமில் பேஸ்ட் செய்து அச்சடித்தால் மனுவுடன் இணைக்கலாம்.

மனு யாருக்கு? நகராட்சித் தெரு என்றால் நகராட்சி ஆணையர். தேசிய நெடுஞ்சாலைக்குப் பொறுப்பு வேறு. அரண்மனையோ, தமிழ்நாட்டில் இருந்தாலும், கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. அதன் வளாகத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் கேட்பதானால் அங்கேதான் எழுத வேண்டும்! எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த அலுவலகம் என்று சேர்த்து எழுதுங்கள்.

தக்கலையில் பஸ் இறங்கும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பகிர்வு சைக்கிள் வைத்தால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பழைய வாடகை சைக்கிள் கடைதான். கடைக்காரருக்குப் பதில் சர்வர். செல்போனில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் சர்வர் நம் கணக்கைச் சரிபார்த்துப் பூட்டைத் திறக்கிறது. வண்டி எங்கே என்பதை ஜிபிஎஸ் சொல்கிறது. 2017இல் மைசூரில் தொடங்கிய டிரின் டிரின் திட்டத்தில் சைக்கிள் எடுக்கவும் விடவும் தனி நிலையங்கள் அமைத்தார்கள். நிலையமே இல்லாமல் கோவைக்கு வந்த ஓஃபோ நிறுவனம், 2018இல் இந்தியாவை விட்டே போனது. பாரிஸ் நகரில் நடைபாதையெல்லாம் வாடகை ஸ்கூட்டர்கள் கிடந்து தொல்லையாகி, 2023இல் வாக்கெடுப்பு நடத்தி நிறுத்திவிட்டார்கள். நிறுத்த இடம் எங்கே என்று முடிவு செய்யாமல் வண்டியை இறக்குவது வீண் வேலை என்பது என் கருத்து. நம் மேப்பில் ஸ்டாண்டுகளை முதலில் குறிக்கச் சொன்னது அதனால்தான்.

சைக்கிளுக்காக ஒரு மாவட்டமே திரண்டது நமக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியே லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது கம்ப்யூட்டர் உதவிக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மா எங்கள் மேப்பில் ஏழு புள்ளிகள் வைத்தார். மவுஸ் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. இன்னும் இரண்டு தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: யூமேப்பில் பதிவு செய்யாமல் மேப் தயாரித்தால், திருத்துவதற்கென ரகசிய லிங்க் ஒன்று தரப்படும். அதனைக் காப்பி செய்து உங்களுக்கே இமெயில் அனுப்பிக்கொள்ளவும். நான் அதைத் தொலைத்து, முதல் மேப்பை மறுபடியும் போட வேண்டியதாயிற்று.