வங்கக் குரலில் ஒரு மலையாளப் பாட்டு

திருவனந்தபுரத்தில் பிறந்த நடிகர் மதுவுக்காக, மலையாளம் தாய்மொழியல்லாத ஒரு வங்காளப் பாடகர் பாடிய அழியாப் பாடல் எது தெரியுமா?

1965-இல் ராமு காரியாட் இயக்கத்தில் வெளிவந்த 'செம்மீன்' படத்தில், காதலி கருத்தம்மாவைப் பிரிந்த பரீக்குட்டி (மது) இரவில் கடற்கரையில் தனித்து நின்று பாடும் 'மானச மைனே வரூ' என்பதே அது. வயலார் ராமவர்மா எழுதி, சலில் சௌத்ரி இசையமைத்த அந்தப் பாடலுக்கு, திரையில் தோன்றாமல் நடிகருக்குக் குரல் தரும் பின்னணிப் பாடகராக அமைந்தவர், இந்தித் திரையுலகில் புகழ்பெற்ற மன்னா டே. அவர் இந்தியில் பாடியவை எத்தனையோ நெஞ்சை அள்ளினாலும், கேரளத்தில் அவருடைய பெயரைச் சொன்னவுடன் நினைவில் எழுவது பரீக்குட்டியின் அந்த ஏக்கக் குரலே. அதற்கான மலையாள உச்சரிப்பில் அவருக்குத் துணைநின்றவர், கண்ணூரைச் சேர்ந்த அவருடைய மனைவி.