கடற்கரைச் சுங்கச் சாலையும் குடியானவர் நீர்வழியும்

சென்னைத் திருவான்மியூரிலிருந்து கடலோரமாகவே புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை அறியாதார் செங்கற்பட்டுச் சீமையில் இலர். மாமல்லபுரத்துச் சிற்பங்களையும், முட்டுக்காட்டுப் படகுத் துறையையும், வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் காண விரும்பும் பிரயாணிகள் இதன்வழியே நாள்தோறும் திரளாகச் செல்கின்றனர். 1998ஆம் வருஷத்தில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு சாலை மேம்பாட்டுக் கம்பெனி, அக்கரை முதல் கூனிமேடு வரையுள்ள சுமார் 113 கிலோமீட்டர் சாலையை அபிவிருத்தி செய்து, 2002ஆம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் சுங்கச் சாலையாக நடத்தத் தொடங்கியது. பிரயாணிகளுக்கு இதனால் உண்டான சௌகரியம் வெளிப்படை. குடியானவர்களோ இதனை இரண்டு வகையில் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். சாலையின் மேல் அவர்களுடைய விளைபொருள் செல்கிறது. சாலையின் கீழ் அவர்களுடைய வயல்களின் வடிநீர் செல்கிறது.

சரக்கும் சுங்கமும்

இக்கரையோரத்தில் சுங்கம் புதிதன்று. சாலைக்கு மேற்கே அதனை ஒட்டியே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் முற்காலத்தில் படகுகள் சுங்கம் செலுத்தியே சென்றன. சவுக்கு விறகும் உப்பும் அவ்வழியே சென்னைக்குச் சேர்ந்தன. 1965, 1966ஆம் வருஷங்களில் வீசிய புயல்களால் கால்வாய் சேதமுற்று, போக்குவரத்துக் குன்றிப்போயிற்று. அன்று படகு செய்த வேலையை இன்று லாரி செய்கிறது. மரக்காணம் பக்கத்துத் தர்ப்பூசணியும், செய்யூர்ப் பக்கத்துச் சவுக்கும் விரைவில் நகரத்தை அடைவதற்கு நல்ல சாலை பெரிய அனுகூலமாகும்; பழங்கள் வழியில் அடிபட்டுக் கெடுவதும் குறையும்.

ஆயினும், ஒரு வண்டிக்குரிய சுங்கம் அது பாதிச் சுமை ஏற்றினாலும் குறைவதில்லை. அச்செலவை வியாபாரி தன் லாபத்திலிருந்து கொடுப்பான் என்று எண்ணுதல் தவறு. தோட்டத்தில் அவன் கூறும் விலையிலேயே அது கழிக்கப்பட்டிருக்கும். ஆகையால் அடுத்தடுத்த நிலத்தார் நால்வர் ஒன்றுகூடி, அறுவடை நாளை ஒத்துக்கொண்டு, வண்டி நிறையச் சரக்கு ஏற்றி அனுப்பினால், தலைக்கு வரும் செலவு கால் பங்காகும்.

மேலும், சுங்கம் என்றும் நிலைத்திருப்பதன்று. அருகிலுள்ள ராஜீவ் காந்தி சாலையில் நான்கு சுங்கச் சாவடிகள் 2021ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்திலும், எஞ்சிய நாவலூர்ச் சாவடி 2023ஆம் வருஷம் அக்டோபர் மாதத்திலும் வசூலை நிறுத்தின. நீர்வழி அடைபடுவதால் வரும் நஷ்டமோ, வழியைத் திறந்தாலன்றித் தீராது.

பாலத்தின் கீழ்ச் செல்லும் நீர்

சாலை வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. மழைநீரோ மேற்கிலிருந்து கிழக்கே கடலை நாடுகிறது. ஆதலின் சாலையிலுள்ள ஒவ்வொரு பாலமும் மதகும் நீருக்கு வாயிலாகும். அவற்றுள் தென்சென்னைப் பகுதிக்கு முக்கியமானது முட்டுக்காட்டுப் பாலம். தாம்பரத்திற்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றில் சேரும். கிழக்கே சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கு நோக்கிச் சென்று, கோவளம் கழிமுகத்தில், இப்பாலத்தின் கீழே கடலிற் கலக்கிறது. தாம்பரத்து வயலுக்கும் கடற்கரைப் பாலத்துக்கும் உள்ள சம்பந்தம் இதுவே.

இவ்வழி முழுதும் நிலம் மிகவும் சமமானது. நீர் மெல்லவே நகரும். கடல் பொங்கும் வேளையில் நின்றும் போகும். கோடையில் முகத்துவாரத்தில் மணல் திட்டுச் சேர்ந்து வாயை அடைப்பதும் உண்டு. முன்னாளில் வெள்ளத்தைத் தாங்கி மெதுவாக விடுத்துவந்த பள்ளிக்கரணைச் சதுப்பு, குப்பையாலும் கட்டடங்களாலும் பெரிதும் சுருங்கிவிட்டது. எஞ்சியதைக் காக்கும்பொருட்டு 2022ஆம் வருஷத்தில் அது ராம்சார் நிலமாகச் சேர்க்கப்பட்டது. 2015ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதியிலிருந்து மறுநாட்காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து பெருஞ்சேதம் விளைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கங்களில் நீர் வடியப் பல நாட்கள் ஆயின.

உவர் ஏறுதல்

தேங்கிய நீரால் பயிர் அழுகுவது உடனே தெரியும். அதனினும் கொடியது பின்னர் வருவது. கடலோரத்தில் வடியாது நின்ற நீர் தை, மாசி மாதங்களில் வற்றும்போது, அடியிலுள்ள உப்பு ஈரத்துடன் மேலேறி, மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும். இவ்வித நிலத்தை மழைநீரைத் தேக்கி வடித்தே கழுவ இயலும். வடிகால் இன்றேல் கழுவிய உப்பு மீண்டும் அங்கேயே தங்கும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதலும், உவரைத் தாங்கும் கோ 43 போன்ற நெல்லைப் பயிரிடுதலும் நல்ல உபாயங்களே. ஆயினும் வடிகாலுக்கு அவை ஈடாகமாட்டா.

சாலை கடக்கும் இடத்திலேயே நீரை நன்முறையில் ஆளலாம் என்பதற்குப் பாலாறு சாட்சி. இச்சாலை பாலாற்றைக் கடக்கும் வாயலூரில், 2019ஆம் வருஷத்தில் தடுப்பணை ஒன்று அமைந்தது. அது நல்ல நீரைத் தேக்கி நிலத்தடியில் இறக்குவதுடன், கடல்நீர் உட்புகுவதையும் தடுக்கிறது.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

1. புரட்டாசி முடிவதற்குள் ஊரார் கூடி, ஏரிக் கலங்கல் முதல் சாலை மதகு வரை வாய்க்காலை நடந்து பார்த்தல் வேண்டும்.

2. ஆகாயத் தாமரையையும் மண் மேட்டையும் அகற்றி, எடுத்த மண்ணைக் கரைக்கு அப்பால் இடுதல் வேண்டும். கரையோரம் குவித்தால் முதல் மழையிலேயே உள்ளே இறங்கும்.

3. காற்றுத் தடுப்பாகச் சவுக்கு நடுவோர் மணல் மேட்டில் நடுக. ஓடையின் படுகையில் நடலாகாது.

4. மதகு தூர்ந்திருப்பினும், மனைக்காக ஓடை மேடாக்கப்பட்டிருப்பினும், சர்வே எண்ணுடன் ஊராட்சிக்கும் தாசில்தாருக்கும் எழுத்து மூலம் மழைக்கு முன்பே தெரிவித்தல் வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கிய பின் மண்வெட்டியுடன் ஓடுவதில் பயன் சிறிது. புரட்டாசியில் ஓரிரண்டு நாள் உழைப்பு, நிலத்தைப் பல வருஷ உவரினின்றும் காக்கும்.